யார் அடித்தது, எந்த ஊரில்? இடைக்கால இங்கிலாந்து வெள்ளிப் பென்னியைப் படிக்கும் முறை

கையில் ஒரு வெள்ளிப் பென்னி இருக்கிறது. குறுக்களவு பதினெட்டு, பத்தொன்பது மில்லிமீட்டர். எடை ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த முகம், மறுபக்கம் சிலுவை, இரண்டையும் சுற்றி விளிம்பில் எழுத்து. புதிதாகப் பார்ப்பவர் முகத்தில்தான் நின்றுவிடுவார். எந்த அரசன் என்று கேட்பார். நான் காசைத் திருப்பச் சொல்வேன். சிலுவைப் பக்கத்து விளிம்பில் ஒரு சாதாரண மனிதனின் பெயரும் அவன் ஊரின் பெயரும் இருக்கின்றன. முகத்தைவிட அந்த இரண்டு சொற்கள் அதிகம் சொல்லும்.

973ஐ ஒட்டி எட்கார் அரசன் இங்கிலாந்தின் காசு முழுவதையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தான். தலைப்பக்கத்தில் அரசன் பெயர், மறுபக்கத்தில் அந்தக் காசுக்குப் பொறுப்பானவன் பெயர், அவன் இருந்த ஊர். இந்த வழக்கம் 1279 வரை, முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. காசு அடிக்கும் இடத்தை இந்த அத்தியாயத்தில் அக்கசாலை என்றும், பெயர் பொறிக்கப்பட்ட பொறுப்பாளரை அக்கசாலையர் என்றும் குறிப்பிடுகிறேன். சுத்தியலைப் பிடித்தது பெரும்பாலும் அவருடைய ஆட்கள். வெள்ளியின் தரத்துக்கும் எடைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பலர் வசதியான பொற்கொல்லர்கள், நகரத்துப் பெரிய மனிதர்கள். அச்சு மாறும் ஒவ்வொரு முறையும் வூஸ்டர் நகர அக்கசாலையர் ஒவ்வொருவரும் லண்டனில் இருபது ஷில்லிங் கட்டிப் புது அச்சு வாங்கினார்கள் என்று 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேடு சொல்கிறது.

பெயரைப் பொறித்தது பெருமைக்காக அல்ல, பிடிப்பதற்காக. காசில் வெள்ளி குறைந்து சந்தையில் வாங்க மறுத்த 1124இல், முதலாம் ஹென்றி நார்மண்டியிலிருந்து ஆணை அனுப்பினான். கிறிஸ்துமஸுக்கு வின்செஸ்டருக்கு வரச் சொல்லி நாடெங்கும் இருந்த அக்கசாலையர் அழைக்கப்பட்டார்கள். வந்தவர்களின் வலக்கை வெட்டப்பட்டது, விதையும் அறுக்கப்பட்டது என்று ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. சாலிஸ்பரி பிஷப் ரோஜர் முன்னின்று நடத்தினார். விளிம்பிலுள்ள அந்த நாலைந்து எழுத்துக்கு என்ன கனம் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், படிக்கும் கை தானாகவே நிதானமாகும்.

ஒரு குறிப்பு. காசில் இருப்பவை ரோமன் எழுத்துகள். அவற்றை இங்கே தமிழ் உச்சரிப்பில் சொல்கிறேன். தமிழில் இரண்டு எழுத்துகளுக்கு ஒரே ஒலி வருவதால், மேலே படுக்கைக் கோடு உள்ள எழுத்தை 'டீ' என்றும், வயிறு உள்ள எழுத்தை 'டி' என்றும் எழுதுகிறேன்.

கழுவாதீர்கள்

மண்ணிலிருந்து வந்த காசைத் தேய்க்கவோ, புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் போடவோ கூடாது. எழுத்தின் விளிம்பில் ஒட்டிய கறுப்புப் படிவுதான் பல நேரம் எழுத்தைக் காட்டிக்கொடுப்பது; அது போனால் தேய்ந்த எழுத்தும் தட்டையான வெள்ளியும் ஒன்றாகிவிடும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழக் கூடாது. மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்கு இறக்கி, ஒரு பக்கத்திலிருந்து சரிந்து விழச் செய்யுங்கள். பிறகு காசைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள். ஒரு படத்தில் காணாத கோடு அடுத்த படத்தில் நிழலோடு எழும். நான்கு படங்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கும், ஒரே படத்தைப் பெரிதாக்கி முறைத்துப் பார்ப்பவருக்கும் கிடைக்கும் விடையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

முதலில் சிலுவையின் வடிவம்

பெயரைத் தேடுவதற்கு முன், பெயர் இருக்கக்கூடிய காசுதானா என்று பாருங்கள். இதைச் சிலுவையே சொல்லிவிடும்.

சிலுவை இரட்டைக் கோட்டால் ஆனது, கைகள் விளிம்பெழுத்துக்கு உள்ளேயே நின்றுவிடுகின்றன, நான்கு மூலைகளிலும் சின்னச் சின்னச் சிலுவைப் புள்ளிகள் என்றால், அது குறுஞ்சிலுவைப் பென்னி. 1180 முதல் 1247 வரை. அக்கசாலையர் பெயர் உண்டு.

இரட்டைக் கோட்டுச் சிலுவை விளிம்பு வரை நீண்டு எழுத்தை நான்காக அறுத்திருக்கிறது, ஒவ்வொரு மூலையிலும் மூன்று உருண்டைப் புள்ளி என்றால், நெடுஞ்சிலுவைப் பென்னி. 1247 முதல் 1279 வரை. ஓரத்தை வெட்டி வெள்ளி திருடுபவர்களைத் தடுக்கத்தான் சிலுவையை நீட்டினார்கள். நான்கு முனையும் தெரியாத காசு வெட்டுப்பட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதிலும் பெயர் உண்டு. ஆனால் 1247இல் வந்த முதல் வகையில் மட்டும் இல்லை. அதில் அரசனின் பட்டம் தலைப்பக்கத்தில் தொடங்கிச் சிலுவைப் பக்கத்திலும் தொடர்கிறது: முன்னே 'ஹென்ரிகஸ் ரெக்ஸ்', பின்னே 'ஆங்லியே டெர்சி'. சிலவற்றில் ஊர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் ஆள் பெயரைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

நீண்ட சிலுவை, ஆனால் இரட்டைக் கோடு இல்லை, ஒரே தடித்த கோடு என்றால், முதலாம் எட்வர்ட் 1279இல் கொண்டுவந்த புதுக் காசு அல்லது அதற்குப் பிந்தியது. இங்கே ஆள் பெயர் மறைந்துவிட்டது. 'சிவிடாஸ் லண்டன்' என்பது போல நகரத்தின் பெயர் மட்டும் இருக்கும். சிறிய ஊரானால் 'வில்லா' என்று தொடங்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் இருந்த ராபர்ட் என்பவர் தன் பெயரை விடவில்லை. ஊர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ராபர்ட் டி ஹாடெலியே' என்று இருக்கும். இங்கிலாந்துப் பென்னியில் கடைசியாகப் பெயர் பொறித்துக்கொண்ட அக்கசாலையர் அவர். அவர் காசு கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

1180க்கு முந்திய காசுகளுக்கு இந்த அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் வருகிறேன். இனி வரும் பக்கங்கள் பெரும்பாலும் குறுஞ்சிலுவை, நெடுஞ்சிலுவை இரண்டைப் பற்றியவை. அதிகம் கிடைப்பவையும் அவைதாம். கோல்செஸ்டரில் 1902இல் கிடைத்த புதையலில் பத்தாயிரத்துக்கும் மேல், அதே ஊரில் 1969இல் கிடைத்ததில் பதினாலாயிரத்துக்கும் மேல் பென்னிகள் இருந்தன.

'ஆன்' எங்கே?

விளிம்பெழுத்து வலஞ்சுழியாக ஓடும். எழுத்துகளின் அடி காசின் நடுவை நோக்கி இருக்கும். குறுஞ்சிலுவையில் எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி உண்டு. அதைக் கண்டுபிடித்து அங்கிருந்து படிக்கலாம். நெடுஞ்சிலுவையின் பின்பக்கத்தில் அப்படிக் குறி இல்லை. எந்தக் கால்வட்டத்தில் தொடங்குகிறது என்பதே தெரியாது.

அதனால் இரண்டு வகையிலும் ஒரே இடத்திலிருந்து தொடங்கப் பழகுங்கள்: ஓ, என் என்ற இரண்டு எழுத்துகள். 'ஆன்' என்பது இன்ன ஊரில் என்று பொருள்படும் சொல். அதற்கு முன்னால் ஆள், பின்னால் ஊர். 'வில்லெம் ஆன் லுண்டே' என்றால் லண்டனில் வில்லெம். காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் 'ஆன்' கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு எழுத்தும் ஆளுக்குச் சேர்ந்ததா ஊருக்குச் சேர்ந்ததா என்பது உறுதியாகிவிடும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 'நிகோல்' என்ற சொல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. நிகோல் என்ற பெயரில் அக்கசாலையர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். லிங்கன் நகரத்தையும் நார்மானியப் பிரெஞ்சில் நிகோல் என்றே சொன்னார்கள். குறுஞ்சிலுவைக் காசில் அப்படித்தான் எழுதினார்கள். 'நிகோல் ஆன் எவெர்விக்' என்றால் யார்க் நகரத்து நிகோல் என்ற மனிதர். 'ஆலைன் ஆன் நிகோல்' என்றால் லிங்கன் நகரத்து ஆலைன். 'ஆன்' எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்காமல் படித்தவர், யார்க் காசை லிங்கன் காசாக எழுதிவைத்துவிடுவார்.

நெடுஞ்சிலுவையில் இன்னொரு கண்ணி உண்டு. சிலுவைக் கை சொல்லின் இடைவெளியைப் பார்த்து வெட்டுவதில்லை. எழுத்தை எண்ணி வெட்டுகிறது. 'டாவி ஆன் லுண்டென்' என்பது கால்வட்டங்களில் டி-ஏ-வி, ஐ-ஓ-என், எல்-வி-என், டி-இ-என் என்று பிரிந்து நிற்கும். இரண்டாவது துண்டை மட்டும் பார்ப்பவர் 'இயோன்' என்று வாசித்து, ஜான் என்ற ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்வார். அங்கே ஜான் இல்லை. டாவியின் கடைசி எழுத்தும் 'ஆன்' என்ற சொல்லும் ஒட்டி நிற்கின்றன. 'ஹென்ரி ஆன் லுண்டே'யில் நிலைமை இன்னும் மோசம்: 'ஆன்' என்பதே உடைந்து, ஓ ஒரு துண்டிலும் என் அடுத்த துண்டிலுமாகப் போய்விடும். எனவே நான்கு துண்டுகளையும் சிலுவை இல்லாததுபோல் ஒரே வரியாகத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு 'ஆன்' தேடுங்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

எழுத்துகள் ஏமாற்றும் விதம்

அச்சு வெட்டியவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கவில்லை. நேர்க்கோடு ஒன்று, பிறைக்கோடு ஒன்று, ஆப்பு வடிவம் ஒன்று என்று சில முத்திரைகளை அச்சில் தட்டித் தட்டி எழுத்தைக் கட்டினார்கள். முத்திரை உடைந்தால் எழுத்தும் உடையும். இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றங்கள் எங்கே வரும் என்பதும் தெரியும்.

இ என்ற எழுத்து வட்ட வடிவில்தான் இருக்கும். நடுவிலுள்ள மெல்லிய கோடு தேய்ந்தால் அது சி ஆகிவிடும். சி என்று படித்த எல்லா இடத்திலும் இ ஆக இருக்குமா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். யு என்ற எழுத்து தனியாக இல்லை. வி தான் இரண்டு வேலையும் செய்யும், அதனால்தான் லண்டன் எல்-வி-என்-டி. டபிள்யு என்பது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு வி. ஓ, டி இரண்டும் பிறைக்கோடுகளால் ஆனவை. பாதி தேய்ந்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். நேர்க்கோடு ஒன்று தனியாக நின்றால் அது ஐ ஆகவும் இருக்கலாம், கை இழந்த எல், ஆர், என் ஆகவும் இருக்கலாம்.

கூட்டெழுத்துகள் அதைவிடக் கடினம். இடம் பற்றாதபோது பக்கத்து எழுத்துகள் ஒரே காலைப் பங்கிட்டுக்கொள்ளும். 'ஆன்' சொல்லின் என் அடுத்து வரும் எல்லோடு ஒட்டிக்கொள்ளும். லுண்ட் சொல்லின் என், டி இரண்டும் ஒன்றாகிவிடும். எழுத்தை எண்ணிப் பார்த்து, கணக்கு ஒன்று குறைகிறதென்றால் கூட்டெழுத்தைத் தேடுங்கள். ஒன்று கூடுகிறதென்றால் காசு இரட்டையாக அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள்: சுத்தியல் விழுந்தபோது காசு நழுவி, ஒரே எழுத்து இரண்டு முறை பதிந்திருக்கும்.

ஊர்கள்

பெரும்பாலான ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். லுண்ட் லண்டன், காண்டெர் அல்லது காண்ட் கான்டர்பரி, வின்க் வின்செஸ்டர், டுர் டரம். இவற்றில் நிற்க வேண்டியதில்லை. சிக்கல் இன்று வேறு பெயரில் வழங்கும் ஊர்களில்தான். எவெர்விக் யார்க். கிபே என்றால் இப்ஸ்விச். ரோவெ ரோச்செஸ்டர், கார்ட் கார்லைல், சிசெ சிச்செஸ்டர், எக்செ எக்ஸிடர். வேல்ஸின் வடக்கில் உள்ள ருட்லானில் அடித்த காசில் ருலா என்று இருக்கும். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரைப் புனித எட்மண்டின் பெயராலேயே எழுதினார்கள். எஸ் தனியாக நின்று, பின்னால் எட் வந்தால் அந்த ஊர். லிங்கனைப் பற்றி ஒரு எச்சரிக்கை: குறுஞ்சிலுவையில் நிகோல் என்று இருந்தது, 1248இல் அங்கே நெடுஞ்சிலுவை வந்தபோது லின்க் ஆகிவிட்டது. ஒரே ஊர்தான்.

நோர் என்ற மூன்றெழுத்தில் நின்றுபோன காசுகள் உண்டு. நாரிச்சா, நார்தாம்ப்டனா? அடுத்த எழுத்தில் டபிள்யு தெரிந்தால் நாரிச், ஹெச் தெரிந்தால் நார்தாம்ப்டன். அதுவும் தேய்ந்திருந்தால் ஊரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆளைப் பாருங்கள். குறுஞ்சிலுவையில் பிலிப், சிமுன் என்ற பெயர்கள் வந்தால் நார்தாம்ப்டன் பக்கம் சாயலாம். இயோஹன் என்றால் நாரிச். ஊரை ஊரின் எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆளும் ஊரும் சேர்ந்துதான் விடை

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் இதை வையுங்கள். அக்கசாலையரைத் தனியாகவும் ஊரைத் தனியாகவும் கண்டுபிடிக்க முயலாதீர்கள். இரண்டும் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஊரிலும் எந்தெந்தப் பெயர்கள் இருந்தன, எந்த வகைக் காசில் இருந்தன என்று அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். நார்த் என்பவரின் இரண்டு தொகுதி நூல், ஸ்பிங்க் நிறுவனம் வெளியிடும் கையேடு, 1958 முதல் தொகுதி தொகுதியாக வரும் பிரிட்டிஷ் தீவுகளின் நாணயப் பட்டியல் வரிசை இவை கையில் இருந்தால் நீங்கள் படித்த ஜோடி உண்மையில் இருந்ததா என்று பார்த்துவிடலாம். பட்டியலில் இல்லாத ஜோடி வந்தால், புதிய அக்கசாலையரைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். தவறாகப் படித்திருக்கிறோம் என்று எண்ணி மறுபடி விளக்கைத் திருப்புங்கள். பெரும்பாலும் ஒரு இ சி ஆகியிருக்கும்.

பெயர்களிலேயே ஒரு காலக்கணக்கு இருக்கிறது. எட்கார் காலத்துக் காசுகளில் லியோஃப்வினே, காட்வினே, ஆல்ஃப்ரிக் போன்ற பழைய ஆங்கிலப் பெயர்கள். 1066க்குப் பிறகு நார்மானிய அரசன் வந்தாலும் அக்கசாலையர் பெயர்கள் உடனே மாறவில்லை. காட்வினேக்கள் அப்படியே வேலை பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்துக் குறுஞ்சிலுவையில் பார்த்தால் வில்லெம், ரிகார்ட், ராபெர்ட், வால்டெர் நிறைந்திருக்கிறார்கள். நடுவே லிங்கனில் ஒரு லெஃப்வினே, கான்டர்பரியில் ஒரு கோல்ட்வினே எஞ்சி நிற்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. நாட்டை ஆண்ட வம்சம் மாறிய கதையை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பழக்கம் மெதுவாக மாறிய கதையை இந்தக் காசுகள் சொல்கின்றன.

ஒரே பெயரில் பலர் இருந்தால் பின்னொட்டு சேர்த்தார்கள். கான்டர்பரியில் இரண்டு இயோவான்கள் ஒரே காலத்தில் இருந்தபோது, ஒருவர் 'இயோவான் சிக்' என்றும் மற்றவர் வேறு எழுத்துகள் சேர்த்தும் எழுதப்பட்டார்கள். பெயருக்குப் பிறகு ஓரிரு எழுத்து மிஞ்சி நின்றால் அதை விட்டுவிடாதீர்கள். அதுதான் இரண்டு மனிதர்களைப் பிரிக்கும் கோடு.

வெட்டிய பாதிக் காசு

அரைப் பென்னிக்கும் கால் பென்னிக்கும் தனிக் காசு மிக அரிது. 1279க்குப் பிறகுதான் வழக்கமாக அடித்தார்கள். அதுவரை பென்னியைச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாக, நான்காக வெட்டிப் பயன்படுத்தினார்கள். அதனால் கிடைப்பதில் பல பாதிக் காசுகள். நெடுஞ்சிலுவையில் இது ஒரு வசதி: வெட்டு சிலுவையோடு போவதால் முழுக் கால்வட்டங்கள் கிடைக்கும். குறுஞ்சிலுவையில் வெட்டு எழுத்தின் நடுவிலும் விழலாம்.

ஒரு நெடுஞ்சிலுவைப் பாதியை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் செய்து பார்ப்போம். கான்டர்பரி நிகோல் அடித்த காசு முழுதாக இருந்தால் நான்கு துண்டுகள்: என்-ஐ-சி, ஓ-எல்-இ, ஓ-என்-சி, ஏ-என்-டீ. லண்டன் நிகோல் அடித்தது: என்-ஐ-சி, ஓ-எல்-இ, ஓ-என்-எல், வி-என்-டி. முதல் இரண்டு துண்டுகள் இரண்டிலும் ஒன்றே.

உங்கள் கையிலுள்ள பாதியில் ஓ-எல்-இ, ஓ-என்-சி என்று இருக்கிறது. 'ஆன்' இரண்டாவது துண்டில் தெரிகிறது. அதற்கு முன்னால் ஓல் என்று முடியும் பெயர்: நிகோல். பின்னால் சி என்று தொடங்கும் ஊர். கான்டர்பரி, கார்லைல் இரண்டும் சி. கார்லைலில் நெடுஞ்சிலுவை அடித்தவர்கள் ஆடம், இயோன், ராபெர்ட், வில்லெம். அங்கே நிகோல் இல்லை. ஆக கான்டர்பரி. இரண்டு துண்டு எழுத்தில் ஆளும் ஊரும் கிடைத்துவிட்டன, ஜோடியைப் பார்த்ததால்.

பாதியில் ஏ-என்-டீ, என்-ஐ-சி என்று இருந்தால் இன்னும் சுலபம்: ஊரின் வால், ஆளின் தலை. ஓ-என்-எல், வி-என்-டி இருந்தால் லண்டன் என்பது உறுதி, ஆனால் ஆள் போய்விட்டார். அப்போது ஆளை ஊகிக்கக் கூடாது.

கடினமானது என்-ஐ-சி, ஓ-எல்-இ மட்டும் இருக்கும் பாதி. ஆள் நிகோல், ஊர் இல்லை. நெடுஞ்சிலுவையில் லண்டன், கான்டர்பரி, வின்செஸ்டர், ஷ்ரூஸ்பரி நான்கிலும் நிகோல் என்ற பெயர் உண்டு. இங்கேதான் காசைத் திருப்பி முகத்தைப் பார்க்க வேண்டும்.

முகம் சொல்லும் சாட்சி

அரசன் பெயரை நம்பாதீர்கள். குறுஞ்சிலுவைக் காசு முழுவதிலும் 'ஹென்ரிகஸ் ரெக்ஸ்' என்றே இருக்கும். இரண்டாம் ஹென்றி 1189இல் இறந்த பிறகு சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் ஆண்டான், ஜான் ஆண்டான், மூன்றாம் ஹென்றி ஆண்டான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பெயரிலோ ஜான் பெயரிலோ பென்னி அடிக்கவே இல்லை. எட்வர்ட் 1272இல் பட்டத்துக்கு வந்தும் 1279 வரை ஹென்றி பெயரே தொடர்ந்தது. அரசனைச் சொல்வது பெயர் அல்ல, முகத்தின் வகை. கிரீடத்து முத்து எத்தனை, இரு பக்கமும் சுருள் எத்தனை, எழுத்தின் வடிவம் எப்படி என்று பார்த்து லாரன்ஸ் என்ற அறிஞர் குறுஞ்சிலுவையை எட்டு வகையாகவும் நெடுஞ்சிலுவையை ஏழு வகையாகவும் பிரித்தார். இன்றும் அந்த அடிப்படையில்தான் வேலை நடக்கிறது. தொடக்கத்தில் எல்லா உட்பிரிவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

நெடுஞ்சிலுவைக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: அரசன் கையில் செங்கோல் இருக்கிறதா? 1248இல் மூன்றாம் ஹென்றி பழைய காசை மாற்றுவதற்காகப் பதினாறு ஊர்களில் அக்கசாலை திறந்தான்: யார்க், லிங்கன், பிரிஸ்டல், நியூகாசில், வின்செஸ்டர், ஷ்ரூஸ்பரி என்று. வேலை முடிந்ததும் 1250இல் அவை மூடப்பட்டன. அவற்றின் காசில் செங்கோல் இல்லை. அதன் பிறகு வந்த காசில் செங்கோல் உண்டு. அதை அடித்தவை லண்டன், கான்டர்பரி, பரி, டரம் நான்கு மட்டுமே. நம் நிகோல் பாதியில் முகத்துக்குப் பக்கத்தில் செங்கோல் தெரிந்தால் வின்செஸ்டரும் ஷ்ரூஸ்பரியும் விலகிவிடும். லண்டன் அல்லது கான்டர்பரி என்று நிற்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் அதே அச்சில் அடித்த முழுக் காசு ஒன்றைப் படத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அச்சில் இருந்த சிறு கீறல், சாய்ந்த எழுத்து எல்லாம் அந்த அச்சில் பிறந்த எல்லாக் காசிலும் இருக்கும். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் இதைவிட உறுதியான சாட்சி கிடையாது.

குறுஞ்சிலுவைக்கும் இதே போன்ற உதவி உண்டு. 1205இல் ஜான் காலத்து மறு அடிப்பில் பல ஊர்கள் சேர்ந்துகொண்டன. 1217க்குப் பிறகு வந்த ஏழாவது வகையில் லண்டன், கான்டர்பரி, பரி, டரம் நான்குதான். முகம் கொச்சையாகவும் எழுத்து நெருக்கமாகவும் இருக்கும் பிற்காலக் காசில் யார்க் என்றோ எக்ஸிடர் என்றோ படித்தால், படித்ததில்தான் பிழை.

இங்கிலாந்துக் காசே அல்லாதவை

முகம் முக்கோணத்துக்குள் இருந்தால் அயர்லாந்து. ஊர் டிவெ என்று வரும், அது டப்ளின். டாவி, ரிகார்ட் என்ற பெயர்கள் லண்டனிலும் டப்ளினிலும் வருவதால் முக்கோணத்தைக் கவனிக்காதவர் குழம்புவார். சிலுவை மூலைகளில் புள்ளிக்குப் பதில் நட்சத்திரம், முகம் பக்கவாட்டில் என்றால் ஸ்காட்லாந்து. ஜெர்மனியின் லிப்பே, மியூன்ஸ்டர் பகுதிகளில் இங்கிலாந்துப் பென்னியைப் போலவே அடித்தார்கள். வணிகத்தில் அந்த உருவத்துக்கு மதிப்பு இருந்தது. முகமும் சிலுவையும் சரி, ஆனால் எழுத்து எப்படிப் படித்தாலும் எந்த ஜோடிக்கும் பொருந்தவில்லை என்றால் இந்த வழியில் யோசியுங்கள்.

1180க்கு முந்திய காசு

1158 முதல் 1180 வரை அடித்த காசுக்கு டீல்பி வகை என்று பெயர். லிங்கன்ஷயரின் டீல்பியில் 1807இல் ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. வெள்ளி நல்லது, அடித்த விதம் மிக மோசம். விளிம்பெழுத்து பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். இதில் நாலு எழுத்து தெரிந்தாலே நல்லது என்ற மனநிலையோடு உட்காருங்கள்.

அதற்கு முந்திய சாக்சன், நார்மானியக் காசுகளில் எழுத்தே கொஞ்சம் வேறு. வ ஒலிக்குப் பழைய ஆங்கில எழுத்து ஒன்று உண்டு. பார்ப்பதற்கு 'பி' போலவே கழுத்தில் வயிறு வைத்திருக்கும். லியோஃப்வினே என்ற பெயரை லியோஃப்பினே என்றும், வின்செஸ்டரைப் பின்ட் என்றும் படித்துவிடுவோம். ஊர்ப் பெயர் பி என்று தொடங்கினால் உடனே வ வைத்துப் பாருங்கள். 'ஆன்' இருக்கும் இடத்தில் எம்-ஓ என்று வரும் காசுகளும் உண்டு. அக்கசாலையர் என்பதன் இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. யார்க் இங்கே எயோஃபெர்விக். இந்தக் காலத்துக்கு கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் ஒரு இணையத் தரவுத்தொகுப்பை வைத்திருக்கிறது. 410 முதல் 1180 வரை தனியாகக் கிடைத்த காசுகள் படத்தோடு இருக்கின்றன. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை: பதிவின் விடையை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து நீங்களே படித்து, பிறகு சரிபாருங்கள்.

பதிவு

படித்து முடித்ததும் எழுதிவையுங்கள். எடை, குறுக்களவு, கிடைத்த இடம், வகை. பிறகு விளிம்பெழுத்தை இரண்டு வரியாக: முதல் வரியில் கண்ணுக்கு உண்மையில் தெரிந்த எழுத்துகள், தெரியாதவற்றுக்குப் புள்ளி, இரண்டாவது வரியில் உங்கள் தீர்மானம். இரண்டையும் கலக்காதீர்கள். பின்னால் வருபவர் உங்கள் தீர்மானத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்; நீங்கள் பார்த்த எழுத்து அவருக்குத் தேவை. ஊர் தெரியவில்லை என்றால் 'லண்டன் அல்லது கான்டர்பரி' என்று எழுதுங்கள். அது முழுமையான, நேர்மையான பதிவு.

இங்கிலாந்தில் நிலத்திலிருந்து நீங்களே எடுத்த காசு என்றால் சட்டமும் உண்டு. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி அல்லது தங்கக் காசு இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்தால் பதினான்கு நாட்களுக்குள் அந்தப் பகுதியின் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஒற்றைப் பென்னிக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனாலும் பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் காட்டிவிடுங்கள். அவர் எடுத்துப் பதிந்த படம், அடுத்த முறை ஒருவர் கையில் வெறும் என்-ஐ-சி, ஓ-எல்-இ மட்டும் உள்ள பாதிக் காசு வரும்போது, அச்சு ஒப்பிட்டு ஊரைச் சொல்ல அவருக்கு உதவும்.